எல்லோரும் இடது கை

பதினேழு நாளாகச் சுவரை மறைத்திருந்த துணியை ஓவியர் எவாரிஸ்தோ இழுத்துக் கீழே போட்டார். முடிவெட்டும் கடைக்குள் கூடியிருந்தவர்கள் சுவரோவியத்தைப் பார்க்க முண்டியடித்தார்கள். கசாப்புக்கடை மெல்கியாதெஸ்தான் முதலில் சிரித்தார்.

"ஏன்யா ஓவியரே, நான் எந்தக் கையால கறி வெட்டுறேன்?"

"வலது கை."

"இங்க இடது கையில வெட்டுறேனே. இப்படி வெட்டினா கறியோட என் விரலையும் சேத்துத்தான் எடை போடணும்."

எல்லோரும் உற்றுப் பார்த்தார்கள். புவெப்லா நகரத்தில் கடை இருந்த அந்தத் தெரு அப்படியே சுவரில் இருந்தது. ஆனால் சோள ரொட்டி சுடும் தொமாசா இடது கையால் ரொட்டியைத் திருப்பினாள். செருப்பு தைப்பவர் இடது கையால் சுத்தியலை ஓங்கினார். தேவாலயத்தின் மணிக்கூண்டுகூடத் தெருவின் எதிர்ப்பக்கம் போயிருந்தது.

கடைக்காரர் இலாரியோவின் முகம் சிவந்தது. படத்தில் அவருடைய சவரக்கத்தியும் இடது கையில்தான் இருந்தது.

"இடது கையால சவரம் பண்றவன்கிட்ட எவன்யா கழுத்த நீட்டுவான்? கடைய மூட வெச்சிருவீங்க போலிருக்கே. குக்கா, சுண்ணாம்பு வாளி எங்க? வெள்ளையடிச்சிடுறேன்."

குக்கா அவருடைய மகள். பத்து வயது. உண்மையிலேயே இடது கைக்காரி. பள்ளியில் அவள் இடது கையால் எழுதினால் ஆசிரியர் விரல் முட்டியில் தட்டுவார். எல்லோரும் சிரித்தபோது அவள் இடது கையைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"வாளி கொல்லையில இருக்குப்பா. ஆனா சுண்ணாம்பு கரைக்கணும்."

அது பாதிப் பொய். ஏற்கெனவே கரைத்துதான் இருந்தது.

இலாரியோ கொல்லைக்குப் போனார். எவாரிஸ்தோ வாசற்படியில் உட்கார்ந்து தூரிகைகளைத் துடைத்தார். முப்பது வருடமாகச் செய்தித்தாளுக்கு உள்ளங்கை அளவுப் படங்கள் வரைந்தவர். இதுதான் அவருடைய முதல் சுவர். ஈரச் சாந்தில் தீட்டிய படம் காய்ந்துவிட்டது. இனி ஒரு கோட்டைக்கூட மாற்ற முடியாது.

குக்கா இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் அவளும் இருந்தாள். தெருச் சுவரில் கரியால் எழுதிக்கொண்டிருந்தாள்.

வலது கையால்.

அவள் வாசலுக்கு ஓடினாள். "எல்லாரும் இடது கை. நான் மட்டும் ஏன் வலது கை?"

"தெரியாதும்மா. நான் பாத்ததத்தான் வரைஞ்சேன்."

"நான் இடது கைனு தெரியுமா உங்களுக்கு?"

"கைய வரையுறவனுக்கு அது தெரியாம இருக்குமா?"

அவர் பக்கத்தில் தூரிகைப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே படம் அச்சடிக்கும் ஒரு மரக்கட்டை. அதில் வால்நட்சத்திரம் ஒன்றைச் செதுக்கியிருந்தார். வால் இடது பக்கம். பெட்டி மூடியில் அதே படம் காகிதத்தில் அச்சாகி ஒட்டியிருந்தது. அதில் வால் வலது பக்கம்.

குக்கா கட்டையைப் பார்த்தாள். காகிதத்தைப் பார்த்தாள். மறுபடியும் கட்டையைப் பார்த்தாள்.

"கட்டையில எப்பவும் மாத்தித்தான் வரைவீங்களா?"

"அப்பத்தானே அச்சுல நேரா விழும்..." எவாரிஸ்தோவின் கை பாதியில் நின்றது. மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்தார். "அடக் கடவுளே. முப்பது வருஷப் பழக்கம். சுவரையும் கட்டைன்னு நெனச்சிருச்சு இந்தக் கை."

குக்கா அதற்குள் கடைக்குள் போயிருந்தாள். வாடிக்கையாளருக்குப் பின்னந்தலையைக் காட்டும் கைக்கண்ணாடியை எடுத்தாள். சுவருக்கு முதுகைக் காட்டி நின்று கண்ணாடிக்குள் பார்த்தாள்.

இலாரியோ வாளியோடு வந்தார். "நகரு."

"அப்பா, நாற்காலியில உக்காருங்க."

"வெளையாடாத."

"ஒரு நிமிஷம்பா. அப்புறம் வெள்ளையடிங்க."

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். சுவர் அவர் முதுகுப் பக்கம் வரும்படி குக்கா நாற்காலியைத் திருப்பச் சொல்லி, கண்ணாடியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார். கண்ணாடிக்குள் அவர் வலது கையால் சவரம் செய்தார். மணிக்கூண்டு தன் இடத்தில் இருந்தது.

"பெரிய கண்ணாடிய ஜன்னல் பக்கத்துலேர்ந்து எடுத்து படத்துக்கு எதிர்ச் சுவர்ல மாட்டிடலாம்பா."

மெல்கியாதெஸ் எட்டிப் பார்த்தார். "நானும் பாக்கணும். எந்திரிய்யா."

இலாரியோ எழுந்திருக்கவில்லை. யோசித்தார். "நேரா பாக்கணும்னா இந்த நாற்காலியில உக்காரணும். இந்த நாற்காலியில உக்காந்தா சவரம் பண்ணிக்கணும்." வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "ஓவியரே, அந்தக் கண்ணாடிய ஒரு கை பிடிங்க."

"எந்தக் கை?" என்றார் எவாரிஸ்தோ.

மறுநாள் பள்ளி ஆசிரியரே சவரத்துக்கு வந்தார். கண்ணாடிக்குள் தெரு முழுக்க வலது கையால் வேலை செய்தது. ஒரு சிறுமி மட்டும் சுவரில் இடது கையால் எழுதிக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறக்கப்போனார்.

குக்கா நுரைக் கிண்ணத்தை இடது கையால் நீட்டினாள். அப்பாவின் கத்தி தொண்டையருகே இருந்ததால் ஆசிரியர் எதுவும் சொல்லவில்லை.