வெட்டியெறிந்த பதினோரு அடி

வெர்னா ஹாலோவே செத்துப்போனாள்.

எல்லோரும் கை தட்டினார்கள்.

1921. நியூ ஜெர்சி, ஃபோர்ட் லீ ஸ்டூடியோ. கதைப்படி, நாயகி காபியைக் குடித்து நாற்காலியில் சரிய வேண்டும். சரிந்தாள். உதடுகள் துடித்தன... குரல் எழும்பவில்லை. மூலையில் ஒருவர் சோகமாக வயலின் வாசித்துக்கொண்டிருந்தார்.

"பிரமாதம். கேமராவை நிறுத்தாதே," என்றார் டைரக்டர் ஆர்வில் ஸ்ட்ரேக்.

ஐந்து நிமிடம் கழித்துத்தான் சந்தேகம் வந்தது. இவ்வளவு நன்றாக அவள் ஒருநாளும் நடித்ததில்லையே!

கோப்பையில் நிஜ விஷம்.

கோப்பையை வைத்தவன், செட் சாமான்களைக் கவனிக்கும் கஸ் பிராட். அன்றே விலங்கு. அடுத்து மின்சார நாற்காலிதான் என்றார்கள்.

ஸ்ட்ரேக் துக்கம் தாங்காமல் மறுநாளே போஸ்டர் அடித்தார். 'வெர்னா உயிரைக் கொடுத்து நடித்த படம்!'

மூன்றாம் நாள், டிடெக்டிவ் மல்கஹியின் எதிரே ஒரு பெண். ஹெஸ்டர். கஸ்ஸின் மனைவி. ஸ்டூடியோவில் ஃபிலிம் வெட்டி ஒட்டுபவள். சிறு வயதிலேயே காது போனவள்; மல்கஹியின் உதடுகளைப் பார்த்துப் பேசினாள்.

"டைரக்டர்தான் சார் கொன்னாரு. மிஸ் வெர்னாவே சொன்னாங்க."

"எப்போ?"

"சாகும்போது. படத்துல பாத்தேன். காது கேக்காதவங்களுக்கு ஊமைப் படம்னு ஒண்ணு கிடையாது சார். ஹீரோ காதலியைக் கட்டிப்பிடிச்சு, 'வெங்காயம் தின்னியா?'ன்னு கேப்பான். தியேட்டர்ல நாங்க மட்டும்தான் சிரிப்போம்."

"வெர்னா என்ன சொன்னா?"

"'ஆர்வில்... கப்பை ஏன் மாத்தினே?'"

"கதையில ஹீரோ பேரு?"

"எட்மண்ட்."

மல்கஹி சுருட்டைக் கீழே வைத்தார்.

"புருஷனைக் காப்பாத்த இட்டுக்கட்டுறேன்னு வக்கீல் சொல்லுவான். இரு... இதை அந்த ஆளுகிட்டயே சொல்லிப் பாப்போம்."

சொன்னார்.

"நாளைக்கு உங்க படத்தைப் போடணும் மிஸ்டர் ஸ்ட்ரேக். காது கேளாதோர் பள்ளியிலேர்ந்து மூணு டீச்சருங்க வராங்க. உதட்டைப் பாத்தே பேச்சைச் சொல்லிடுவாங்களாம்."

"ஊமைப் படத்துலயா?"

ஸ்ட்ரேக் சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணி.

ஸ்டூடியோவின் ஃபிலிம் அறையில் புகை!

தீக்குச்சியைப் பார்த்தாலே பற்றிக்கொள்ளும் ஃபிலிம் சுருள்கள்... அத்தனையும் சாம்பல். வாசலில் ஸ்ட்ரேக் விம்மிக்கொண்டிருந்தார்.

"என் காவியம் போச்சு. நெகட்டிவும் போச்சு."

"புருவமும் போச்சு போலிருக்கே," என்றார் மல்கஹி.

"அணைக்கப் போனேன்..."

"நீங்க உள்ளே போனப்புறம்தான் பத்திக்கிச்சுன்னு வாட்ச்மேன் சொல்றான்."

"ஆதாரம் இருக்கா? உங்க ஆதாரம் அதோ, சாம்பலா கிடக்கு."

ஹெஸ்டர் முன்னால் வந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். உள்ளே ரொட்டி இல்லை. சுருட்டி வைத்த ஃபிலிம்!

"படத்துல யாராவது வாயைத் திறந்தா, 'அதை வெட்டிட்டு என் வசனம் எழுதின அட்டையைப் போடு'ம்பீங்களே சார். வெட்டினேன். பதினோரு அடி. நீங்க எரிச்ச படத்துல அந்த இடத்துல உங்க வசனம்தான் இருந்துச்சு. 'அன்பே, என்னை மன்னித்துவிடு.'"

"டீச்சருங்க நேத்தே இதைப் பாத்துட்டாங்க," என்றார் மல்கஹி. "மூணு பேரும் தனித்தனியா ஒரே வரியைத்தான் எழுதினாங்க. உங்க வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரும்னு காத்திருந்தேன். நீங்க தீக்குச்சியாலேயே பதில் சொல்லிட்டீங்க."

ஸ்ட்ரேக் வாசலில் கிடந்த நாற்காலியில் சரிந்தார்.

யாரும் கை தட்டவில்லை.

"கஸ்?" என்றாள் ஹெஸ்டர்.

"மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுல இருப்பான்."

விலங்கை மாட்டியபடி மல்கஹி ஸ்ட்ரேக்கின் தோளில் தட்டினார்.

"படம் போச்சேன்னு வருத்தப்படாதீங்க சார். அதுல உருப்படியா இருந்ததே இந்தப் பதினோரு அடிதான்... உங்க வசனம் இல்லாத இடம்."