கணப்பின் மேல் மூன்று பொட்டு

"கார்மேகம் அண்ணன் என் வீட்டுக்காரரைக் கொல்லலை சார். நாளைக் காலையில அவரை ஜெயிலுக்குக் கொண்டு போறாங்களாம்" என்றாள் நீலா. அழுது அழுது அவள் குரல் கம்மியிருந்தது.

கல்யாணசுந்தரம் திருச்சியில் துப்பறியும் பிரிவில் இருந்தவர். இப்போது வளைகுடா ஊரான ரூவியில் கட்டுமானக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. உதவியாளன் வாசுவுடன் உடனே கிளம்பினார்.

நீலாவின் ஹாலில் ஒரு கணப்பு, சுவரோடு கட்டிய குளிர்காயும் அடுப்பு, இருந்தது. முன்பு குடியிருந்த வெள்ளைக்காரர் ஊர் ஆசையில் கட்டியது.

"இந்த வெயில்ல குளிர் காய்ஞ்சிருக்கான் பாருங்க சார்!" என்றான் வாசு.

நீலா அதைப் பூஜை அலமாரியாக்கித் திரை போட்டிருந்தாள். கறுத்துப்போன மரச்சட்டத்துக்குப் புதுப் பலகை வாங்கக் கட்டுப்படியாகாது. சைட்டில் மிஞ்சிய பெயின்டைக் கொண்டுவந்து கம்பெனி பெயின்டர் கார்மேகம் புதன்கிழமை அடித்துக் கொடுத்தான். மீதி டின் மூலையிலேயே இருந்தது.

வியாழன் மாலை நீலா பஜனைக்குப் போயிருந்தாள். அன்று கரண்டும் இல்லை. திரும்பி வந்தபோது அவள் கணவன் தியாகு வெளி மாடிப்படியின் கீழே பிணமாகக் கிடந்தான். முதலில் பார்த்தவன் பக்கத்து வீட்டு ஸ்டோர் கீப்பர் முத்துராமன். தவறி விழுந்ததாகத்தான் நினைத்தார்கள். பிறகு கணப்பின் வலது முனையில், ஈரப் பெயின்டுக்கு அடியில், போலீஸ் இரத்தத்தைக் கண்டது. பெயின்ட் அடித்தவனைப் பிடித்துக்கொண்டது.

கல்யாணசுந்தரம் மேல்சட்டம் முழுவதையும் நகத்தால் மெல்லச் சுரண்டினார். இடது ஓரத்தில் சிவப்பு. நடுவில் சிவப்பு. வலது பக்கமும் சிவப்பு.

"இவ்வளவு தூரமா இரத்தம் தெறிச்சிருக்கு?" என்றான் வாசு.

அவர் விரலை முகர்ந்தார். "முத்துராமனைக் கூப்பிடு."

முத்துராமன் வந்ததும் சட்டத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான்.

"நீலாம்மா, இந்தச் சட்டத்தில் என்ன வைத்தீர்கள்?"

"வியாழன் காலையில பெயின்ட் காய்ஞ்சுதான்னு பார்க்க அண்ணன் வந்தார். என் கையெல்லாம் மாவு. நீங்களே வைங்கண்ணேன்னு சொன்னேன். மூணு குங்குமப் பொட்டு வச்சார்."

"மூன்றின் மேலும் பெயின்ட் அடித்திருக்கிறது. தன் கையால் வைத்த பொட்டை இரத்தமென்று பயந்து கார்மேகம் மறைப்பானா? அவன் வைத்துப் போனபின் வந்த ஒருவன்தான், டார்ச் வெளிச்சத்தில் கண்ட சிவப்பையெல்லாம்…"

"குங்குமமா?" முத்துராமனின் உதடு வெளுத்தது. "அது தெறிச்சதுன்னுல்ல நினைச்சேன்…"



"நான் சிமெண்டை வெளியே விக்கிறதை மேனேஜர்கிட்டச் சொல்லிடுவேன்னான் தியாகு" என்று முத்துராமன் தரையில் உட்கார்ந்தான். "தள்ளத்தான் தள்ளினேன். முனையில மண்டை இடிச்சிருச்சு. படியில விழுந்த மாதிரி வெளியே இழுத்துப் போட்டுட்டு, மீதி டின்னை எடுத்து மேல அடிச்சேன்."

மறுநாள் கார்மேகம் விடுதலையாகி நேரே நீலா வீட்டுக்கு வந்தான். சுரண்டிய மரத்தில் மூன்று பொட்டும் தெரிந்தன. நீலாவின் வெறும் நெற்றியைப் பார்த்ததும் துணியை எடுத்து அந்தப் பொட்டுகளைத் துடைக்கப் போனான்.

"வேண்டாம்ணே" என்றாள் நீலா. "உங்களைக் காப்பாத்தினது அது. அங்கயாவது இருக்கட்டும்."