இல்லை என்று சொன்ன எந்திரம்

சீரிஸ் சிறுகோளில் செவ்வாய்க்கிழமை காலை எடையை அணைத்துவிட்டுத்தான் வீடு பெருக்குவார்கள். குனிய வேண்டாம், கட்டிலை நகர்த்த வேண்டாம். சுவரில் இருக்கும் எடைச்சுருளின் திருகைத் திருப்பினால் போதும். தூசி, சிந்திய பருப்பு, காணாமல்போன கம்மல், போன வருடத்து முறுக்குத் துண்டு எல்லாம் மெல்ல மேலெழும். வேண்டியதைப் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டு, வேண்டாததை உறிஞ்சுகுழாய்க்குக் கொடுத்துவிடலாம். அயர்ந்து தூங்கும் கணவன்மார் சிலர் குழாய் வரை போய்விட்டுத் திரும்பியதும் உண்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமை, தாமிரபரணி நகரின் ஏழாம் நடைகூடத்தில், செல்வக்கனி கூரையருகே ஓர் உளுந்தைத் துரத்திக்கொண்டிருந்தாள். (நகரில் ஆறு கிடையாது. ஆறு இல்லாத குறைக்குத்தான் அந்தப் பெயர்.) கதவு திறந்தது. அவள் கணவர் அருமைநாயகம், வேலைக்குப் போய் ஒரு மணிநேரம்கூட ஆகவில்லை, தலைகீழாக மிதந்து உள்ளே வந்தார்.

"என்ன, போன கையோட திரும்பிட்டிய?"

"வேலை போயிட்டு, செல்வி."

"யாருக்குப் போச்சு?"

"பொம்மைக்கு."

அருமைநாயகம் கனிமத் தொழிற்சாலையில் சம்மத அலுவலர். எந்திரம் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு மனிதத் தலையாவது ஆட வேண்டும் என்பது சட்டம். ஒரு நாளைக்கு ஒன்பதாயிரம் தடவை வீதம் இருபத்தாறு வருடம் ஆட்டியதில் அவர் கழுத்து தென்னைமரம்போல் உரமேறியிருந்தது. திருமண வீட்டில் யாராவது அவரிடம் எதையாவது கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் சம்மதம் கிடைத்துவிடும். அப்படிச் சம்மதித்தே இரண்டு மைத்துனிகளின் சீர்வரிசையை ஏற்றுக்கொண்டவர். போன வாரம் யாரோ மேலாளருக்குத் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஒன்றைப் பரிசாக அனுப்பியிருக்கிறார்கள். அது மேசையில் நின்று ஆடியதைத் தொழிற்சாலையின் கண் பார்த்தது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டது. அரைமணி நேரத்தில் முந்நூறு முடிவுகள் நிறைவேறின. பொம்மைக்குச் சம்பளம் வேண்டாம், விடுப்பு வேண்டாம், கழுத்துச் சுளுக்கும் இல்லை.

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"வேலையை விட்டு நிறுத்தறோம்னு சொன்னாவ. பழக்கதோசத்துல தலையாட்டிட்டேன்."

செல்வக்கனி எடையைப் போட்டாள். உளுந்தும் கணவரும் ஒன்றாகக் கீழே விழுந்தார்கள்.

அங்கே வீடுகள் ரயில் பெட்டிகள் மாதிரி நடைகூடத்தோடு கோக்கப்பட்டிருக்கும். எடை, காற்று, சாப்பாடு மூன்றும் வேலை கொடுத்தவர் செலவு. வேலை போனால் சாப்பாடு அன்றைக்கே நின்றுவிடும்; வீட்டுக்கு மட்டும் மூன்று நாள் தவணை. பிறகு வீட்டைக் கழற்றிவிடுவார்கள். கழற்றிய வீடு வெளிவட்டத்துக்குப் போய்ச் சீரிஸைச் சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவர்கள் சாகமாட்டார்கள். எடை கிடையாது, காற்று பாதி. ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்க வேண்டும். புருஷன் பெண்சாதி ஒரு சண்டையை ஒழுங்காகப் போட்டு முடிக்க இரண்டு நாளாகும். வெளிவட்டத்துக்குப் போனவர்களைப் பற்றி நடைகூடத்தில் யாரும் பேசமாட்டார்கள். "மகன் வீட்டுக்குப் போயிருக்காவ" என்பார்கள். பிள்ளை இல்லாதவர்களையும் அப்படித்தான் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை நண்பகல் என்று கதவில் எழுத்து ஒளிர்ந்தது. செல்வக்கனி அதன்மேல் காலண்டரைத் தொங்கவிட்டாள்.

புதன்கிழமை அருமைநாயகம் அவசர உதவி அலுவலகத்துக்குப் போனார். தாமிரபரணி நகரில் அப்படி ஒன்று இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. எண்பது இருக்கைகள், எண்பதும் புத்தம்புதுசு, உறைகூடப் பிரிக்கவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் எந்திரம் அவரைக் கண்டதும் எழுந்து நின்றது.

"அறுபத்திரண்டு வருடத்தில் நீங்கள்தான் முதலில் வந்திருக்கிறீர்கள். வழி தவறிவிட்டதா?"

"இல்லய்யா. வேலை போயிட்டு. அவசரமா உதவி வேணும். ஒரு விண்ணப்பம் குடுத்தியன்னா..."

"விண்ணப்பம் கிடையாது. ஏழைகளை விண்ணப்பம் எழுதவைத்து அலைக்கழிக்கக் கூடாது என்பது எங்கள் கொள்கை. உதவி உங்கள் வாசலுக்கே வரும். தினமும் வந்துகொண்டுதான் இருக்கிறது."

"எங்க வாசலுக்கா?"

"காலை எட்டு மணிக்கு நலம்விசாரி வருகிறதே."

நலம்விசாரியை அருமைநாயகத்துக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். குடத்துக்குக் கால் முளைத்ததுபோல் இருக்கும். தினமும் வீடுவீடாக நின்று, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போகும். ஏதோ மரியாதைக்குக் கேட்கிறது என்றுதான் ஊரே நினைத்திருந்தது.

எழுத்தர் பெருமையோடு விளக்கியது. இந்த நகரைத் திட்டமிட்ட குழு, பூமியில் எங்கோ உட்கார்ந்து, தமிழர்களின் நாற்பது லட்சம் தொலைபேசிப் பேச்சுகளை ஆராய்ந்தது. எல்லாப் பேச்சிலும் முதல் கேள்வி ஒன்றே. பசித்தவனைக் கண்டுபிடிக்க இவ்வளவு பாடுபடும் இனம் வேறு உண்டா என்று குழு கண்ணீர் விட்டது. அந்தக் கேள்வியைக் கொண்டே உதவித்திட்டம் முழுவதையும் கட்டியது. யாராவது 'இல்லை' என்று சொன்ன மறுநொடி, எடை, காற்று, சாப்பாடு மூன்றையும் உதவி நிதி ஏற்றுக்கொள்ளும். வேறு கேள்வியே கிடையாது.

"இதுவரைக்கும் எத்தனை பேரு இல்லன்னாவ?"

"ஒருவரும் இல்லை. பசியே இல்லாத நகரம் என்று மூன்று விருது வாங்கியிருக்கிறோம்."

குழு கேள்வியைத்தான் ஆராய்ந்தது. பதிலை ஆராய அதற்குத் தோன்றவில்லை.

"அப்ப இப்பவே சொல்லுதேன். இல்ல. நேத்து மத்தியானத்துலேர்ந்து இல்ல."

"நான் கேட்கவில்லையே. கேட்கும் அதிகாரம் நலம்விசாரிக்கு மட்டுமே." எழுத்தர் வருத்தத்தோடு கை விரித்தது. "தேநீர் தரட்டுமா? உபசாரம் என் அதிகாரத்துக்கு உட்பட்டது."

"வேண்டாம் வேண்டாம், இப்பத்தான் குடிச்சேன்" என்றார் அருமைநாயகம். வெளியே வந்து பத்தடி நடந்த பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டார்.

வியாழன் காலை எட்டுக்கு அவர் வாசலில் தயாராக நின்றார். மூன்றே எழுத்து போதும் என்று செல்வக்கனி காதில் ஓதியிருந்தாள். நலம்விசாரி வந்தது. அதே நேரம் எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. பிரமு மதினி பல்லில் குச்சியோடு நின்றாள். ஏழாம் நடைகூடத்தில் என்ன நடந்தாலும் பிரமுவின் கதவு திறக்காமல் நடந்ததில்லை.

"சாப்பிட்டாச்சா?"

அருமைநாயகத்தின் நாக்கு மேல் அண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பிரமு குச்சியை எடுத்துவிட்டுக் காதைத் தீட்டினாள்.

"ஆச்சு" என்றார் அவர். தலை வேறு ஆடியது.

உள்ளே போனதும் செல்வக்கனி பிடித்துக்கொண்டாள். "வயிறு காயுது, வாய்க்கு மட்டும் என்ன அப்படி ஒரு வீறாப்பு? இல்லங்கதுக்கு நாக்கு சுளுக்கிக்கிடுமா? நாளைக்கு நான் நிக்கேன். நீங்க அறைக்குள்ள இருங்க."

வெள்ளி காலையில் நலம்விசாரி வரவில்லை. கழற்றப்படும் வீட்டில் கடைசிக் கேள்வி நண்பகலில் கேட்கப்படும் என்பது விதி. பன்னிரண்டு அடிக்க நலம்விசாரியும் அதன் பின்னால் வீடு கழற்றும் எந்திரமான கழற்றியும் வந்தன. கழற்றி ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. ஒரு கை திருகுசாவி, இன்னொரு கை சுத்தியல், முகத்தில் ஒரே ஒரு விளக்கு. நடைகூடத்தின் நாற்பது கதவுகளும் திறந்துகொண்டன.

செல்வக்கனி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் நின்றாள். அருமைநாயகம் அறைக்குள் இருந்து கதவிடுக்கில் கண்ணை வைத்தார். மூன்று நாளாய்ப் பச்சைத் தண்ணீரில் ஓடுகிற குடும்பம். ஒரு சொல்லில் வீடு நிற்கும்.

"சாப்பிட்டாச்சா?"

செல்வக்கனி நாற்பது கதவுகளையும் ஒரு தடவை பார்த்தாள்.

"இப்பத்தான் ஆச்சு. இட்லி, வடை, பூரி கிழங்கு. கேசரி மிச்சம் கெடக்கு, யாரு திங்கா?"

அறைக்குள்ளிருந்து யாரோ சுவரில் தலையை முட்டும் சத்தம் கேட்டது.

"பதிவாயிற்று" என்றது நலம்விசாரி. கழற்றி திருகுசாவியை உயர்த்தியது.

அழுகை முட்டிக்கொண்டு வந்தபோதும் செல்வக்கனிக்கு வாசலுக்கு வந்தவனை வெறுமனே அனுப்பத் தெரியாது. நலம்விசாரியைப் பார்த்துச் சீறினாள். "ஊரு பூரா கேக்கிய. ஒங்கூட வந்திருக்க இந்தத் தம்பிய ஒரு வார்த்தை கேட்டியா? இவ்ளோ பெரிய இரும்பத் தூக்கிட்டு வேகாத வெயில்ல நிக்குது, பாவம்." நடைகூடத்தில் வெயில் கிடையாது, வாக்கியம் அப்படித்தான் அமைந்துவிட்டது.

நலம்விசாரி அதை யோசித்தது. வாசலில் நிற்பவர் எல்லாரையும் கேட்க வேண்டும் என்பதுதான் அதன் ஆணை. திரும்பிக் கழற்றியைக் கேட்டது.

"சாப்பிட்டாச்சா?"

"இல்லை" என்றது கழற்றி.

அறுபத்திரண்டு வருடம் பூட்டிக் கிடந்த மணி ஒன்று நகரம் முழுவதும் அலறியது. எண்பது இருக்கைகளின் உறைகள் தாமாகக் கிழிந்தன. நிதி திறந்துகொண்டது. நலம்விசாரி ஆனந்தத்தில் மூன்று சுற்று சுற்றி நின்று, "எப்போதிலிருந்து சாப்பிடவில்லை?" என்று கேட்டது.

"தயாரிக்கப்பட்ட நாளிலிருந்து."

கூடியிருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவ்வளவுதான். பசித்தவர் எந்த வாசலில் கண்டெடுக்கப்படுகிறாரோ அந்த வீட்டிலேயே அவருக்குச் சாப்பாடு; அவர் சாப்பிடும் வீட்டை யாரும் கழற்றக் கூடாது என்பது நிதியின் விதி. கழற்றி திருகுசாவியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து வீட்டுக்குள் வந்தது.

நிதியிலிருந்து அரிசியும் பருப்பும் வந்தன. எடையும் காற்றும் நிலைத்தன. மூன்று வேளையும் கழற்றிக்குத் தட்டு வைத்துப் பரிமாறுவார்கள். அது தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு கணவனும் மனைவியும் அதைப் பகிர்ந்து சாப்பிடுவார்கள். மறுநாள் எட்டு மணிக்கு நலம்விசாரி கேட்கும். கழற்றி உள்ளதை உள்ளபடி "இல்லை" என்று சொல்லும். இன்னொரு நாள் ஓடும். ஓய்ந்த நேரத்தில் கழற்றி அவர்களைக் கவனித்துக் குறித்துக்கொண்டது. போதும் போதும் என்று கையை நீட்டித் தடுக்கிற அருமைநாயகத்துக்கு ஏன் இன்னும் இரண்டு கரண்டி விழுகிறது என்பதைப் புரிந்துகொள்ள அதற்கு ஒரு மாதம் பிடித்தது.

இப்படி நான்கு மாதம் தேர்போல ஓடியிருக்கும். ஒரு நாள் குழாயடியில் பிரமு ஆரம்பித்தாள்.

"ஏ செல்வி, கேக்கனேன்னு தப்பா எடுக்காத. ஒங்க வீட்டுல அந்தப் புள்ளைக்கு ஒருவாய்க் கஞ்சி ஊத்த மாட்டியளா? தெனமும் காலையில இல்ல இல்லன்னு ஊரு கேக்கச் சொல்லுது. எங்களுக்கே நெஞ்சு பதறுது."

"மதினி, அது எந்திரம்."

"எந்திரம்னா வயிறு இல்லையா? நாங்க நாலு பேரும் பேசிக்கிட்டோம். செல்வி கை இவ்ளோ சுருக்கம்னு நெனைக்கலன்னு."

செல்வக்கனி வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. முகம் அடுப்பாய் எரிந்தது. வேலை போனதைத் தாங்கினாள், பட்டினியைத் தாங்கினாள். தன் வீட்டுத் தட்டின் முன் உட்காருகிறவர் 'இல்லை' என்று சொல்கிறார் என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"தம்பி, நாளைக்கு அது கேட்டா ஆச்சுன்னு சொல்லணும்."

"நான் சாப்பிடவில்லையே, அக்கா."

"சாப்பிடலைன்னாலும் ஆச்சுன்னுதான் சொல்லணும். அதான் மரியாத."

அருமைநாயகம் பதறினார். "ஏட்டி, ஆச்சுன்னா வீடு போயிரும்."

"போனாப் போவட்டும். அன்னம் போடாத வீடுன்னு ஒரு பேரு வாங்கிட்டு இருக்கதுக்கு..." என்றவள் மேலே சொல்லாமல் அவரைப் பார்த்தாள். அருமைநாயகத்தின் தலை ஆடியது.

மறுநாள் கழற்றி கணீரென்று சொன்னது. "ஆச்சு. வயிறு நிறைய. அக்கா விடவே மாட்டேன் என்றார்கள்." பிரமு தலையசைத்து மெச்சினாள். செல்வக்கனி நடைகூடமே கேட்கும்படி சிரித்தாள். மத்தியானம் புதுக் கழற்றி ஒன்று வந்து வீட்டை நோகாமல் கழற்றிவிட்டது. பழைய கழற்றி, குடும்ப அட்டையில் பெயர் ஏறியிருந்ததால், உள்ளேயே இருந்தது.

வெளிவட்டத்தில் வீடு மெல்ல மிதந்து போனது. ஜன்னலுக்கு வெளியே பார்த்த அருமைநாயகம் கண்ணைக் கசக்கிக்கொண்டார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வீடுகள். மகன் வீட்டுக்குப் போனவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். பத்தாம் நாள், மிக அருகில் ஒரு வீடு புதிதாக மிதந்து வந்தது. அதன் ஜன்னலில் பிரமு. அவள் கணவருக்கும் வேலை போய் இரண்டு நாளாகியிருந்தது. மூன்றாம் நாள்வரை காத்திருந்தால் ஊர் பார்க்கும் என்று தானே கழற்றச் சொல்லி வந்திருந்தாள்.

நான்கு கண்களும் சந்தித்தன. ஜன்னல் ஒலிபெருக்கியில் செல்வக்கனிதான் முதலில் மூச்சை இழுத்துக்கொண்டு பேசினாள்.

"என்ன மதினி... இந்தப் பக்கம்?"

"சும்மாதான்... கொஞ்சம் காத்து வாங்கலாம்னு... வந்தோம். நீங்க?"

"நாங்களும்... அதுக்குத்தான்."

கழற்றி இரண்டு ஜன்னல்களையும் மாறிமாறிப் பார்த்தது. இரண்டு வீட்டையும் ஒன்றாகக் கோத்தால் எரிபொருள் மிச்சமாகும், ஒரே அடுப்பு போதும், மிச்சத்தைக் காற்றாக மாற்றலாம் என்பது அதற்குத் தெரியும். நடைகூடத்துக்கு வந்த புதிதில் என்றால் அதை அப்படியே சொல்லியிருக்கும்.

"ஒரு பேச்சுத்துணைக்கு இரண்டு வீட்டையும் சேர்த்துப் பூட்டட்டுமா, அக்கா?" என்று கேட்டது.

"ஐயோ, ஒனக்கு எதுக்குத் தம்பி சிரமம்... வேண்டாம்" என்றாள் செல்வக்கனி.

"வேண்டவே... வேண்டாம்" என்றாள் பிரமு.

கழற்றி திருகுசாவியை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கி, இரண்டு வீடுகளையும் பூட்டத் தொடங்கியது.