குற்றாலம்: தயார்

குற்றாலத்துக் கணினி அணைந்து கிடக்கிறது என்று தெரிந்துதான் இசக்கிமணி அதனிடம் கேள்வி கேட்டான். பதில் வந்தது. திரையின் ஓரத்தில், பச்சை எழுத்தில்: 'குற்றாலம்: தயார்.'

சாயங்கால வெளிச்சம் சன்னலில் மங்கிக்கொண்டிருந்தது. தென்காசி அலுவலகத்தில் மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். தகரக் கூரையில் சாரல் ஓயாமல் முணுமுணுக்க, மலைப்பக்கத்துக் காற்று ஈர மண்ணும் குளியல் எண்ணெயும் கலந்த மணத்தை அவன் மேசைவரை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது.

லாட்ஜ் குற்றாலத்தில், தலைமை அலுவலகம் இங்கே. இரண்டு ஊர்க் கணினிகளையும் பேசவைத்தவன் அவன்தான். இங்கே ஒரு வரியைத் திருத்தினால் உடனே மாறாது, மறுமுனையிடம் 'தயாரா?' என்று கேட்கும். இரு பக்கமும் 'தயார்' என்றால்தான் ஒரே கணத்தில் மாறும். தயார் என்று சொல்லிவிட்ட பக்கம் பின்வாங்க முடியாது. ஓர் ஆள் ஓர் ஊரில்தான் இருக்கலாம் என்ற விதியையும் அவனே எழுதியிருந்தான்.

ஆனால் லாட்ஜ் பொறுப்பு எபனேசருக்குப் போனது. "அவன் சிரிச்ச மூஞ்சிக்காரன்லே. நீ இங்கனயே கிட," என்றார் முதலாளி செல்லப்பா அண்ணாச்சி. அந்த மூஞ்சியைப் பார்த்துத்தான் வரவேற்பு மேசை ஜெயசித்ராவும் சிரிப்பாள். சற்றுமுன் போனில், "கரண்டு இல்ல, மிஷினை அணைச்சாச்சு. எபனேசர் அண்ணன் அருவிக்குப் போயிருக்காவ," என்றபோதுகூட அவள் குரலில் அந்தச் சிரிப்பு ஒட்டியிருந்தது.

வயிறு எரிந்தது. லாட்ஜ் பொறுப்பாளர் என்ற வரியில் எபனேசரின் பெயரை அழித்து அந்த இடத்தில் தன் பெயரை அடித்தான். மறுமுனை இல்லாமல் மாற்றம் பாதியில் நிற்கும். கொஞ்ச நேரம் கண்குளிரப் பார்த்துவிட்டு ரத்து செய்துவிடலாம்.

இப்போது அது நிற்கவில்லை. மாறிவிட்டது.

அவசரமாக லாட்ஜுக்குப் போன் போட்டான்.

"கரண்டு வந்துட்டா?"

"இன்னும் இல்லியே. யாரு பேசுதீய?" ஜெயசித்ராதான்.

"இசக்கிமணி. எபனேசர் எங்க?"

"எபனேசரா? அப்படி இங்கன யாருமில்லையே." கலகலவென்று சிரித்தாள். "விளையாடாதீய. இசக்கிமணி அண்ணன் என் எதிர்லதான் இருக்காவ. அருவில குளிச்ச தலையக்கூட இன்னும் துவட்டல."

"யாருட்டி அது?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவன் குரல். ஆனால் அவன் ஒருநாளும் அத்தனை சந்தோஷமாகப் பேசியதில்லை. பயத்துக்கும் முன்னால் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது பொறாமைதான்.

லைன் அறுந்தது. திரையில் புதிய வரிகள்.

'ஓர் ஆள், இரண்டு ஊர். தென்காசி ஆளை நீக்கலாமா?

குற்றாலம்: தயார்.

தென்காசி:'

குற்றாலத்தோடு இணைக்கும் வயரைப் பிடுங்கினான். இணைப்பைக் காட்டும் பச்சை விளக்கு அணையவில்லை. மெயின் சுவிட்சை அணைத்தான். அறை இருண்டது. திரை இருளவில்லை. எண்ணெய் மணம் மூக்கை அடைத்தது. பக்கத்தில் எங்கோ, ஈரத் தலையிலிருந்து சொட்டும் நீர். சொட்டு. சொட்டு.

எழுத்துகள் ஒவ்வொன்றாக முளைத்தன.

'தென்காசி: தயா'

அழிக்க வேண்டும். ஒரே ஒரு பொத்தான். பாய்ந்து கையை நீட்டினான்.

திரையின் பச்சை வெளிச்சத்தில் விசைப்பலகை முழுதாகத் தெரிந்தது. எந்த நிழலும் அதன்மேல் விழவில்லை. அவன் தன் விரல்களைத் தேடினான்.