இசக்கி வரைந்த தெரு

கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். தன் தெருவைத் தானே விழுங்கிய ஓர் ஊரின் கதை சொல்கிறேன்.

செவ்வாய்க் கிரகத்தில் காலையில் பால் வராது, காற்று வரும். மூச்சுவண்டி என்ற இயந்திரம் தெருத்தெருவாக உருண்டு, வீட்டுக்கு ஒரு காற்று உருளை இறக்கிவிட்டுப் போகும். செங்குகைக் குடியிருப்புக்கு மட்டும் அது வந்ததே இல்லை. ஊரே உருளையைச் சுமந்துகொண்டு கிடங்குக்கு நடந்தது.

"மேப்புலயே இல்லாத ஊருக்கு எப்படிம்மா வண்டி வரும்?" என்றார் நிர்வாக அதிகாரி.

"அப்போ நாங்க விடுத மூச்சும் பொய்யா சார்?" என்று கேட்டாள் சாப்பாட்டுக்கடை இசக்கி. "நீங்க போடாட்டா போங்க. நாங்களே போட்டுக்கிடுதோம்."

யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறமூல வரைபட மென்பொருளைப் பழைய கணினி ஒன்றில் நிறுவினாள். இருப்பிடங்காட்டியைக் கையில் பிடித்துக் குகைத்தெரு முழுக்க நடந்தாள். நடந்த தடம் திரையில் கோடாக விழுந்தது. அது ஓர் அடுக்கு. அதன்மேல் வீடுகளுக்கு இன்னோர் அடுக்கு. இரண்டையும் இணையத்தில் திறந்துவிட்டாள். மூச்சுவண்டிக்குக் கண் கிடையாது. இணைய வரைபடம்தான் அதற்கு வேதம்.

"அவங்கவங்க வீட்ட அவங்கவங்களே வரைஞ்சுக்கிடுங்க. ஒருத்தர் கோட்ட இன்னொருத்தர் அழிக்க முடியாது" என்றாள்.

மறுநாள் வண்டி வந்தது. ஊரே கைதட்டியது. குகை வாயிலில் நின்ற வண்டி, "பாதை இல்லை" என்றது.

இசக்கி திரையைப் பார்த்தாள். ஒவ்வொருவரும் வாசலை ஓரடி, ஈரடி முன்னால் தள்ளி வரைந்திருந்தார்கள். எதிரெதிர் வீடுகள் நடுத்தெருவில் முட்டிக்கொண்டு நின்றன.

"கோட்ட அழிங்க அண்ணாச்சி!"

"எதுத்த வீட்டுக்காரன் மொதல்ல அழிக்கட்டும் தாயி" என்றார் பக்கத்து வீட்டுச் சுடலைமுத்து.

இசக்கி திரைக்குத் திரும்பினாள். குகை வாயிலை ஒட்டியிருந்த தன் வீட்டையே வரைபடத்திலிருந்து அழித்தாள். வரைபடத்தில் அது வெற்றிடம் என்பதால் வண்டி நேராக அவள் கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்குள் புகுந்து, அதற்குமேல் வழி இல்லாததால் ஊருக்கான உருளைகள் அத்தனையையும் அங்கேயே இறக்கிவிட்டுப் போனது. அவள் குவியலின்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"கோட்ட அழிச்சவங்களுக்குத்தான் காத்து!"

முனகிக்கொண்டே எல்லோரும் அழித்தார்கள். தெரு மீண்டும் பிறந்தது. இசக்கி நிம்மதியோடு தன் வீட்டைத் திரும்ப வரையப் போனாள். அந்த இடத்தில் புதிதாக ஒரு கட்டம்: 'சுடலைமுத்து, வாகன நிறுத்துமிடம்.'

"சும்மாதான தாயி கெடந்துச்சு?" என்று சிரித்தார் அவர்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. ஒங்க உருளை இன்னும் எம் மடியிலதான் இருக்கு. மூச்சு முட்டுச்சுன்னா நீங்களே அழிக்க வருவீய."

கண்ணுகளா, உங்கள் வீடுகளில் காற்றும் சிரிப்பும் நிறையட்டும். உங்கள் வாசல் வரைக்கும் வழி இருக்கட்டும். உங்கள் சுவர்கள் நேற்று நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.