பன்னிரண்டாவது கல்

"மலைக்கு அந்தப்புறத்துலேர்ந்து அந்தக் கல்லைத் தோள்ல தூக்கிட்டு வந்து, தனியாளா நட்டேன். தலைத் தொப்பி ஒரு நூல் சாயல."

எண்பது வயது ஃபின்டன் இதை ஐம்பது வருஷமாகச் சொல்லிவந்தார். அயர்லாந்தின் கார்க் சீமையில் இதைக் கேட்டுச் சிரிக்காதவை ஆடுகள் மட்டுமே. அவையும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜென்ட் மலாகியின் சமையலறைக்கு வந்த இமெல்டாவும் சிரிக்கவில்லை. மலைமேல் பழங்கற்கள் வட்டமாக நிற்கும் கல்வட்டத்தின் வயதைக் கண்டறிய டப்ளினிலிருந்து வந்த தொல்லியல் டாக்டர் அவள்.

"கல்லுக்கு அடியில கரி கிடைச்சா வயசு தெரிஞ்சிடும். கிழவர் கல்லைக் கட்டிக்கிட்டு நகர மாட்டேங்கிறார். மூவாயிரம் வருஷத்துக் கல்லை இவர் நட்டாராம். பொய்னு நிரூபிச்சு அவரைக் கிளப்புங்க, சார்ஜென்ட்."

"அத்தனை கல்லு இருக்க, அதை ஏன் புடிச்சீங்க?"

"மத்ததையெல்லாம் மாடு உரசி, அடிமண்ணை மிதிச்சுக் குழப்பியிருக்கு. அது ஒண்ணுதான் சுத்தம்."

மலாகி தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். கடிதம் கொடுக்க வந்திருந்த தபால்காரன் பாட்சி பையைப் போட்டுவிட்டுக் கூடவே ஓடினான். வழக்கு வந்தால் ஊரில் யாருக்கும் கடிதம் வராது.

மலைமேல் பாட்சி எண்ணினான். "பன்னெண்டு, சார்ஜென்ட்."

"இந்தப் பக்கத்து வட்டத்துல எத்தனை கல்லு இருக்கும், டாக்டரம்மா?"

"எப்பவும் ஒற்றைப்படைதான்." இமெல்டா தயங்கினாள். "ஒண்ணு காணாமப் போயிருக்கும்."

"இல்ல, ஒண்ணு கூடியிருக்கும்."

பதினொரு கற்கள் மாட்டுத்தோள் உயரத்தில் வழவழத்தன. ஃபின்டன் சாய்ந்திருந்த இடுப்பளவுக் கல் மட்டும் சொரசொரப்பு. அதன் காலடியில் பாசியில்லாத வெள்ளைக் கூழாங்கல் ஒன்று.

"மாடு இதை மட்டும் ஏன் உரசல, பாட்சி?"

"அதுக்கும் இவர் கதை கேட்டு அலுத்திருக்கும்."

"இவர் விரட்டியிருக்கார். ஐம்பது வருஷமா. வெறும் கல்லுக்கு எவனும் காவல் நிக்க மாட்டான். அந்த வெள்ளைக் கல்லைப் பாரு. நம்ம அப்பன்மார் அதை எங்க வைப்பாங்க?"

பாட்சிக்குப் புரிந்தது. ஞானஸ்நானத்துக்கு முன் இறந்த சிசுவைக் கோயில் கல்லறையில் சேர்க்கமாட்டார்கள். தகப்பன் தனியே தூக்கிப்போய்ப் பழங்கற்களுக்கு நடுவே புதைத்து, வெள்ளைக் கல் வைப்பான். பிறகு அதைப் பற்றிப் பேசமாட்டான்.

"பேச முடியாததைப் பெருமையடிச்சு மூடிட்டீங்க, ஃபின்டன்," என்றார் மலாகி.

கிழவர் கல்லைத் தடவினார். "கல்லைக் கழுதை இழுத்துச்சு. தோள்ல பையன் இருந்தான். தொப்பி எப்படிச் சாயும்? கழட்டிக் கையில வச்சிருந்தேன்."

இமெல்டா தோண்டுவதற்காகக் கல்லைச் சுற்றி அடித்திருந்த அளவு முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கீழே தோண்டக் காத்திருந்த அவளுடைய வேலையாட்கள் சிரித்தபடி, "கல்லுக்கு என்ன வயசாம்?" என்றார்கள்.

"ஐம்பது. ஃபின்டன்தான் நட்டார், தனியாளா," என்றாள் அவள். "தொப்பி ஒரு நூல் சாயல."