ஓசி சார்ஜ்

சார்ஜர் ஒயர் அவன் கையில்தான் இருந்தது. இன்னும் எதிலும் செருகவில்லை. ஆனாலும் காருக்குள் திரையில் சார்ஜ் சதவீத எண் ஏறியது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.

டாக்ஸிக்காரன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். மதியத்திலிருந்து கரண்ட் இல்லை; வந்ததும் செருகத்தான் ஒயரோடு காத்து நின்றான். வீட்டுக்கு வீடு ஒரே நேரத்தில் காரைச் சார்ஜில் செருகியதில் தெருமுனை டிரான்ஸ்பார்மர் டொம்மென்று உயிரை விட்டிருந்தது. கீழ்த்தள பார்க்கிங்கில் ஈரச் சிமெண்டும் பழைய ரப்பரும் கலந்த வாடை, எங்கோ குழாய் சொட்டும் சத்தம், அதற்கும் அடியில், காதைவிடப் பல்லுக்கு அதிகம் தெரிந்த ஒரு மெல்லிய ரீங்காரம்.

பேட்டரி போன வாரம் மாற்றியது. புதுசின் விலையைக் கேட்டபோது, மீதிக் காரை இனாமாகத் தருகிறார்களோ என்று தோன்றியது. பாதி விலைக்குப் பழசு மாட்டிவிட்ட மெக்கானிக், "எங்கேருந்து வந்துச்சுன்னு மட்டும் கேக்காதீங்கண்ணே" என்றிருந்தான். இவன் கேட்கவில்லை. அவ்வளவு நாகரிகமான ஆள்.

வீட்டுப் புழுக்கம் தாங்காமல் மனைவி பின்சீட்டில் வந்து படுத்திருந்தாள்.

"என்னங்க, சீட்டு ஐஸ் மாதிரி இருக்கு."

"ஓசி ஏ.சி. அனுபவி, மகாராணி."

"விளையாடாதீங்க. உடம்பெல்லாம் என்னவோ பண்ணுது."

முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்தாள். எண் நின்றது. நாற்பத்தெட்டு. தலை சுற்றிச் சாய்ந்தாள். நாற்பத்தொன்பது.

அவள் உடம்பிலிருந்துதான் ஏறுகிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அறுபது வரை புரியாத மாதிரி இருந்தால் போதும் என்று தோன்றியது. அறுபதுக்கு இரண்டு நாள் சவாரி ஓடும்.

"அஞ்சே நிமிஷம் படுத்துக்கோ, தங்கம். நான் இங்கதானே நிக்கிறேன்."

"சரி" என்றாள். அவன் சொன்னால் அவள் கேட்பாள்.

அறுபத்தொன்று.

"என்னங்க..." அவள்தான், ஆனால் கிழவியின் குரல்.

பின்கதவின் கைப்பிடியை இழுத்தான். திறக்கவில்லை. எழுபது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் கூந்தல் வேர்வரை வெளுத்தது. ரீங்காரம் தடித்தது. முன்கதவு. மறுபக்கம். எதுவும் அசையவில்லை. எண்பத்தாறு. சார்ஜர் முனையால் கண்ணாடியை அடித்தான். கீறல்கூட விழவில்லை. உள்ளிருந்து ஒரு கை அதே இடத்தில் வந்து ஒட்டியது. தோலுக்கடியில் எலும்பு. மோதிரம் நழுவி விழுந்தது. தொண்ணூற்றைந்து.

"எழுந்திரு! எழுந்திருடீ!"

கை இறங்கியது.

நூறு.

டிங் என்று மரியாதையாக மணி அடித்தது. நான்கு கதவும் தாமாகத் திறந்துகொண்டன. பின்சீட்டில் அவளுடைய நைட்டி மட்டும், உள்ளே யாருமில்லாமல், மெல்ல ஏறி இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.